பணிக்களமும் மூளை நலமும்: காவலூர் வானாய்வகத்தை முன்வைத்து ஒரு நோக்கு

மனிதன் தன் விழிப்பு நேரத்தின் பெரும்பகுதியைப் பணிக்களத்தில் கழிக்கிறான். இல்லம் எவ்வாறு அமைய வேண்டும் என்பது குறித்து அவன் நிறையவே சிந்தித்திருக்கிறான். வழிபாட்டிடத்தின் அமைப்புக்கும் தெளிவான மரபுகள் உள்ளன. ஆனால், உழைக்கும் இடம் உழைப்பவரின் உடலுக்கும் அறிவுக்கும் பொருத்தமாக அமைய வேண்டும் என்னும் எண்ணம் மட்டும் பெரும்பாலும் கடைசியாகவே வந்து சேர்கிறது. இயந்திரத்திற்கு ஏற்ற வெப்பநிலையைக் கணக்கிட்டு அறையை அமைப்போர், அதனை இயக்கும் மனிதரின் மூளைக்கு ஏற்ற சூழல் எது என்று கேட்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், மனச்சோர்வாலும் பதற்ற நோய்களாலும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,200 கோடி வேலை நாள்கள் உலகளவில் இழக்கப்படுவதாகக் கணக்கிட்டன. 2024ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம், முதுமை மறதி நோய்க்கு மாற்றியமைக்கத்தக்க 14 காரணிகள் உள்ளன என்றும், அவற்றை வாழ்நாள் முழுவதும் களைய முடிந்தால் அந்நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலக்கூடும் என்றும் மதிப்பிட்டது. அப்பட்டியலில் உள்ள கேள்வி இழப்பு, தலைக்காயம், உடலசைவின்மை, மனச்சோர்வு, சமூகத் தனிமை, காற்று மாசு, உயர் இரத்த அழுத்தம் ஆகிய ஏழும் ஏதேனும் ஒரு வகையில் பணிக்களத்தோடு தொடர்புடையவை என்பது நோக்கத்தக்கது. எனவே, மூளை நலம் என்பது முதுமையில் மருத்துவரிடம் பேச வேண்டிய செய்தி மட்டுமன்று. இளமையிலும் நடுவயதிலும் நாம் எங்கே, எவ்வாறு உழைக்கிறோம் என்பதிலேயே அதன் ஒரு பகுதி தீர்மானிக்கப்படுகிறது.

மூளைக்கு ஏற்ற பணிக்களம் எது? மெத்தை விரித்த இருக்கையும் குளிரூட்டிய அறையும் இக்கேள்விக்கு விடையாகிவிடா. பணியின் இயல்பு, இடத்தின் இயல்பு, பணியாற்றுபவரின் உடலியல்பு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இசைந்திருப்பதே பொருத்தம் எனப்படும். இவ்விசைவு எங்கே கைகூடுகிறது, எங்கே தவறுகிறது என்பதை ஆராய, ஜவ்வாது மலையில் அமைந்துள்ள காவலூர் வானாய்வகம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். உலகம் உறங்கும் வேளையில் கூர்மையான கவனத்துடன் விழித்திருக்க வேண்டிய பணிக்களம் அது.

ஆறு இன்றியமையாக் காரணங்கள்

பணிக்களத்தை மதிப்பிடுவதற்கு நம் மரபிலேயே ஓர் அளவுகோல் உண்டு. கிரேக்க மருத்துவர் காலனின் எழுத்துகளில் கருக்கொண்டு, 9ஆம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் வழியாக அரபு மருத்துவத்தில் நிலைபெற்று, இப்னு ஸீனாவின் அல்கானூனில் விரிவாகப் பேசப்பட்ட கோட்பாடு அது. யூனானி மருத்துவர்கள் இன்றும் அதனை அஸ்பாபே சித்தா ஸரூரிய்யா, அதாவது ஆறு இன்றியமையாக் காரணங்கள் என வழங்குகின்றனர். சுற்றியுள்ள காற்று, உணவும் பானமும், உடலின் அசைவும் ஓய்வும், மனத்தின் அசைவும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், உடலில் தேங்குவதும் வெளியேறுவதும் ஆகியவையே அவ்வாறு. 11ஆம் நூற்றாண்டில் பக்தாதைச் சேர்ந்த இப்னு புத்லான், இவ்வாறினையும் அடிப்படையாகக் கொண்டு தக்வீமுஸ் ஸிஹ்ஹா என்னும் நலவாழ்வு நூலை அட்டவணை வடிவில் இயற்றினார்.

உடல் நீர்மங்கள் பற்றிய பழைய விளக்கங்களை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. ஆயினும், நோய் வந்தபின் மருந்து தேடுவதற்கு முன்னர், மனிதன் எக்காற்றைச் சுவாசிக்கிறான், எவ்வளவு அசைகிறான், எப்போது உறங்குகிறான், எம்மனநிலையில் உழைக்கிறான் எனக் கேட்கும் அணுகுமுறை காலாவதியாகிவிடவில்லை. இக்காலத்துத் தொழில்நல அறிவியலும் ஏறத்தாழ இதே கேள்விகளைத்தான் அளவுக்கருவிகளுடன் கேட்கிறது.

இடத்தேர்வு என்னும் முதற்படி

பக்தாதில் மருத்துவமனை கட்டுவதற்கு இடம் தேடியபோது, மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸீ நகரின் பல பகுதிகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எங்கே அது மிக மெதுவாகக் கெடுகிறதோ அவ்விடத்தைத் தேர்ந்தார் என ஒரு செய்தி பழைய மருத்துவர் வரலாறுகளில் காணப்படுகிறது. அதன் வரலாற்று உண்மை ஐயத்திற்குரியதாயினும், பணிக்குரிய இடத்தை அப்பணியின் தேவை கொண்டே சோதித்தறிய வேண்டும் என்னும் கருத்து அதனுள் பொதிந்துள்ளது.

காவலூர் தேர்ந்தெடுக்கப்பட்ட விதமும் இத்தகையதே. வானியலறிஞர் வைணு பாப்பு 1927ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். அவருடைய தந்தையார் ஐதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். நவாப் ஸஃபர் ஜங் 1901ஆம் ஆண்டில் தம் சொந்த ஆர்வத்தால் நிறுவி, பின்னர் நிஜாம் அரசின் பொறுப்பில் வந்து, உஸ்மானியாப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த நிறுவனம் அது. அதன் தொலைநோக்கிகளுக்கிடையே வளர்ந்த சிறுவன், ஐதராபாத் அரசின் உதவித்தொகையில் 1949இல் ஹார்வர்டுக்குச் சென்றார். அங்கு சென்ற அதே ஆண்டில் வால்விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். அது இன்றும் அவர் பெயரையும் சேர்த்தே அழைக்கப்படுகிறது.

1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற பாப்பு, அவ்விடம் சூரிய ஆய்வுக்குச் சிறந்ததாயினும் இரவு வானத்தை ஆராய்வதற்கு ஏற்றதன்று என்பதை உணர்ந்தார். தென்வானத்தின் விண்மீன்களும் தெரிய வேண்டும், நகர ஒளி படரக்கூடாது, மேகமற்ற இரவுகள் வேண்டும் என்னும் தேவைகளை முன்வைத்துத் தென்னகத்தில் இடம் தேடப்பட்டது. ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில், சந்தன மரங்கள் வளர்ந்த காட்டுப் பகுதியில் அமைந்திருந்த காவலூர் அத்தேவைகளுக்குப் பொருந்தியது. 1968இல் 38 செண்டிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியுடன் பணி தொடங்கியது. 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை வெளிப்படுத்திய 1977 மார்ச் 10ஆம் நாள் அவதானிப்புகளில் அத்தொலைநோக்கியும் பங்கு கொண்டது. உள்நாட்டிலேயே உருவாக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரி 6ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதனைக் காணப் பாப்பு இல்லை. 1982ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்துவிட்டார். வானாய்வகமும் அப்பெரிய தொலைநோக்கியும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றன.

இடம் தொலைநோக்கிக்குப் பொருந்திவிட்டது. அங்கே பணியாற்றும் மனிதருக்கும் அது பொருந்துமா என்பதே அடுத்த கேள்வி.

இருளும் விழிப்பும்

இரவு ஓய்வுக்கும் பகல் உழைப்புக்கும் உரியவை என்பது திருமறை மீண்டும் மீண்டும் நினைவூட்டும் இயற்கை ஒழுங்காகும். அவ்வொழுங்கு உடலின் ஒவ்வோர் அணுவறையிலும் பதிந்துள்ளது என்பதை விளக்கிய ஆய்வுகளுக்காக 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு வழங்கப்பட்டது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள சிறியதொரு நரம்புத் திரள் உடலின் தலைமைக் கடிகாரமாக இயங்குகிறது. விழித்திரையில், காட்சிக்கன்றி வெளிச்சத்தின் அளவை அறிவிப்பதற்கென்றே அமைந்த தனிவகை அணுவறைகள் அக்கடிகாரத்திற்குப் பொழுதை உணர்த்துகின்றன. அவை நீல ஒளிக்கு மிகுதியாகவும் செவ்வொளிக்கு மிகக் குறைவாகவும் தூண்டப்படுகின்றன. இரவில் நீலம் மிகுந்த வெளிச்சம் கண்ணில் பட்டால், உறக்கத்திற்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலட்டோனின் என்னும் சுரப்பு தடைப்படுகிறது.

இவ்வொழுங்கை நெடுங்காலம் மீறுவதன் விலை என்ன? பிரான்ஸில் ஏறத்தாழ 3,000 பணியாளரையும் முன்னாள் பணியாளரையும் பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த ஆய்வொன்றின் முடிவுகள் 2014இல் வெளிவந்தன. பத்தாண்டுகளுக்கு மேல் மாறுநேரப் பணி செய்தோரின் நினைவாற்றலும் சிந்தனை வேகமும், முதுமையால் ஆறரை ஆண்டுகளில் ஏற்படக்கூடிய தளர்ச்சிக்கு நிகராகக் குறைந்திருந்தன. அப்பணியை விட்டு விலகியபின் இழந்தது மீண்டு வரக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் தேவைப்பட்டன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவுப் பணியைப் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய வாய்ப்பு மிகுந்தவற்றுள் ஒன்றாக 2007இல் வகைப்படுத்தி, 2019இல் அதனை மீண்டும் உறுதி செய்தது.

இவ்விடத்தில் வானாய்வகம் தரும் பாடம் சுவையானது. வானியலாளர் தம் பணியின்போது மங்கிய சிவப்பு விளக்கையே பயன்படுத்துவது நெடுங்கால வழக்கம். இருளுக்குக் கண் முழுமையாகப் பழகுவதற்கு அரை மணி நேரம் வரை ஆகும். வெள்ளொளி ஒரு நொடி பட்டாலும் அப்பழக்கம் கலைந்துவிடும். செவ்வொளியில் அது பெரிதும் கலைவதில்லை. கண்ணின் கூர்மையைக் காப்பதற்காக அவர்கள் கைக்கொண்ட இவ்வொழுக்கம், உடற்கடிகாரத்தையும் குறைவாகவே குலைக்கிறது என்பது பிற்காலத்தில்தான் தெரியவந்தது. பணியின் தேவையும் உடலின் தேவையும் ஒரே ஏற்பாட்டில் நிறைவேறுவதைப் பொருத்தம் என்னும் சொல்லுக்கு நல்ல விளக்கமாகக் கொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. வானியலாளர் பொதுவாக ஆண்டு முழுவதும் இரவுப் பணி செய்வதில்லை. அவருக்குச் சில இரவுகள் தொடர்ச்சியாக ஒதுக்கப்படுகின்றன. அவை முடிந்தபின் அவர் பகற்பொழுதின் ஆய்வுக்குத் திரும்பிவிடுகிறார். பருவமழைக் காலத்தில் வானமே ஓய்வளித்துவிடுகிறது. இரவுக் காவலருக்கும், செவிலியருக்கும், ஆலைத் தொழிலாளருக்கும், வெளிநாட்டு நிறுவனங்களுக்காகச் சென்னையில் இரவெல்லாம் தொலைபேசியில் பேசும் இளைஞருக்கும் இந்த வாய்ப்பு அரிது. இரவுப் பணி தவிர்க்க முடியாதது என்றாலும், அதன் சுமையை யார் எவ்வளவு காலம் சுமப்பது என்பது மனிதர் செய்யும் ஏற்பாடேயாகும்.

அசைவும் இருக்கையும்

1948இல் அமெரிக்காவின் பலோமர் மலையில் நிறுவப்பட்ட 5 மீட்டர் தொலைநோக்கியில், ஆய்வாளர் தொலைநோக்கியின் உச்சியிலுள்ள சிறு கூண்டிற்குள் அமர்ந்து, மின்சாரத்தால் சூடேற்றப்பட்ட உடையை அணிந்துகொண்டு, குளிர்கால இரவு முழுவதும் விண்மீனைப் பின்தொடர்ந்த காலம் ஒன்றிருந்தது. பிற இடங்களிலும் ஏணியில் ஏறுவதும், குவிமாடத்தைத் திருப்புவதும், ஒளிப்படத் தகட்டை மாற்றுவதும், இருட்டறைக்கு நடப்பதுமாக இரவு கழிந்தது. 1980களுக்குப் பின் மின்னணு உணர்விகளும் கணினிகளும் பரவியபோது நிலைமை மாறிற்று. ஆய்வாளர் குவிமாடத்தை விட்டு வெளியேறி, கட்டுப்பாட்டு அறையில் திரையின் முன் அமர்ந்தார். குளிரும் விபத்து அச்சமும் நீங்கின. அவற்றோடு அசைவும் நீங்கிற்று. வெண்ணிறத் திரையொளி முகத்தில் படத் தொடங்கியது. அலுவலகம், வங்கி, அச்சகம் என நம் காலத்துப் பணிக்களங்கள் அனைத்தும் கடந்துவந்த மாற்றத்தின் சுருக்கமாகவே இது தோன்றுகிறது.

அசைவு குறைவதால் மூளைக்கு என்ன இழப்பு? 2011ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், 55 முதல் 80 வயதுக்குட்பட்ட 120 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். வாரத்திற்கு மூன்று நாள் 40 நிமிடம் விரைந்து நடந்த குழுவினருக்கு, நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதி ஓராண்டில் ஏறத்தாழ 2 விழுக்காடு பெருத்தது. உடலை நீட்டி மடக்கும் எளிய பயிற்சி மட்டும் செய்த குழுவினருக்கு அது சுருங்கியது. நடக்கும்போது புதிய எண்ணங்கள் மிகுதியாகத் தோன்றுகின்றன என்பதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2014இல் காட்டினர். ஆசிரியரும் மாணவரும் உலாவிக்கொண்டே உரையாடிய பண்டைய வழக்கத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. உடலுழைப்பு அனைத்தும் உடற்பயிற்சி ஆகிவிடாது. ஓய்வு நேரத்தில் நடப்பதும் ஓடுவதும் நலம் தருகையில், பணியின்போது நாள் முழுவதும் சுமை தூக்குவதும் நிற்பதும் இதயத்திற்குத் தீங்கு விளைவிக்கக்கூடும் என்னும் முரணை டென்மார்க் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். விரும்பியபோது நிறுத்தவும் இளைப்பாறவும் இயலாத அசைவு அது. துணிக்கடைகளில் பன்னிரண்டு மணி நேரம் நின்றே பணியாற்றிய பெண்களின் துயரை நம் மாநிலம் நன்கறியும். 2018இல் கேரளமும், 2021இல் தமிழகமும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திப் பணியாளருக்கு இருக்கை வழங்குவதைக் கட்டாயமாக்கின. அலுவலகத்தில் இருப்பவருக்கு எழுந்து நடக்கும் வாய்ப்பும், கடையில் நிற்பவருக்கு அமரும் உரிமையும் வேண்டும். இரண்டும் ஒரே நெறியின் இரு முகங்களே.

மனத்தின் அசைவு

யூனானி மரபு உடலின் அசைவையும் மனத்தின் அசைவையும் தனித்தனியே எண்ணியது. இக்காலத்து ஆய்வுகளும் அவ்வாறே பிரித்து நோக்குகின்றன. அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் கராசெக் 1979இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். பணி கடினமாக இருப்பது மட்டும் மனத்தை நலிவிப்பதில்லை. கடினமான பணியைச் செய்பவருக்கு அதனை எவ்வாறு செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை மறுக்கப்படும்போதே நலிவு மிகுகிறது. கடினமும் உரிமையும் ஒருங்கே அமைந்த பணியை அவர் செயலூக்கமுள்ள பணி என்றார். அத்தகைய பணி மனிதனைக் கற்கச் செய்கிறது, வளரச் செய்கிறது. இங்கிலாந்தின் அரசு ஊழியரை ஆராய்ந்த வைட்ஹால் ஆய்வு, தம் பணியின் மீது கட்டுப்பாடு குறைந்தோரிடையே இதயநோய் மிகுந்திருப்பதை 1997இல் எடுத்துக்காட்டியது. பணியின் நுட்பம் கூடுமளவிற்கு, ஆண்டுகள் செல்லச் செல்ல அறிவின் நெகிழ்ச்சியும் கூடுகிறது என்பதைக் கோன், ஸ்கூலர் என்னும் இரு ஆய்வாளர்கள் முன்னரே காட்டியிருந்தனர்.

இக்கருத்தின் முன்மாதிரியை இஸ்லாமிய உலகின் வானாய்வகங்களில் காணலாம். 1259இல் நஸீருத்தீன் தூஸியின் தலைமையில் எழுந்த மராகா வானாய்வகம், பெரும் நூலகத்தையும் பல நாட்டு அறிஞரையும் ஓரிடத்தில் ஒன்றுசேர்த்தது. 15ஆம் நூற்றாண்டில் உலூக் பேக் சமர்க்கந்தில் அமைத்த வானாய்வகத்தில் பணியாற்றிய கணித மேதை ஜம்ஷீத் அல்காஷி, தம் தந்தையாருக்கு எழுதிய கடிதங்களில் அங்கு நிலவிய பணிச்சூழலை விவரித்துள்ளார். அரசரான உலூக் பேக்கே அறிஞரின் அவையில் அமர்ந்து விவாதித்தார். ஐயம் தெளியும்வரை வினாக்கள் தொடர்ந்தன. அரசர் சொன்னார் என்பதற்காக மரியாதை கருதித் தலையசைப்போரை அவர் கடிந்துகொண்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இருப்பிடங்களைப் புதிதாக அளந்து 1437இல் நிறைவுற்ற அட்டவணை இச்சூழலில் விளைந்ததே. மேலாளரிடம் மறுத்துப் பேசும் துணிவு பணியாளருக்கு இருக்க வேண்டும் என இக்கால மேலாண்மையியல் வலியுறுத்துவதை, அவ்வரசவை நடைமுறையிலேயே கண்டிருந்தது.

ஆனால், வானாய்வகத்தின் மனநலத்திற்கு எதிரான கூறும் ஒன்றுண்டு. ஒளியை விட்டு விலகுவது மனிதரை விட்டும் விலகுவதாகும். மலைமேல் குடும்பத்தைப் பிரிந்திருப்பதும், பகலில் உறங்கி இரவில் விழிப்பதால் பிறர் வாழ்வோடு பொருந்தாமல் போவதும் தனிமையை வளர்க்கக்கூடும். லடாக்கில் ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஹான்லேயில் இந்திய வானியற்பியல் நிறுவனம் அமைத்த 2 மீட்டர் தொலைநோக்கியை, பெங்களூருக்கு அருகிலுள்ள ஹொசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பின் வழி இயக்குகின்றனர். தொலைநோக்கிக்கு ஏற்ற உயரமும் வறட்சியும் அங்கே உள்ளன. ஆனால், காற்றில் உயிர்வளி குறைந்த அவ்வுயரம் சிந்தனையை மந்தப்படுத்தும். எனவே, கருவி அதற்குரிய இடத்திலும் ஆய்வாளர் தமக்குரிய இடத்திலும் இருக்க வழி காணப்பட்டது.

மலையடிவாரத்துப் பணிக்களங்கள்

காவலூரிலிருந்து ஆலங்காயம் வழியாக மலையிறங்கினால் வாணியம்பாடியும் அதனையடுத்து ஆம்பூரும் வருகின்றன. 2019இல் உருவான திருப்பத்தூர் மாவட்டத்திற்குள்தான் வானாய்வகமும் இவ்விரு ஊர்களும் அமைந்துள்ளன. தோல் பதனிடுவதும் காலணி செய்வதும் இவ்வூர்களின் உயிர்நாடி. 1919இல் எழுந்த வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி போன்ற கல்விக்கூடங்களைப் பேணி வளர்த்ததில் இப்பகுதித் தோல் வணிகருக்குப் பெரும் பங்குண்டு. ஆகவே, பணிக்களம் பற்றிய இவ்வாய்வு நம்மவர் பலருக்கு ஏட்டளவிலான செய்தியன்று. அவர்களுள் முதலாளியும் உண்டு, தொழிலாளியும் உண்டு.

முதற்காரணமாகிய காற்றை எடுத்துக்கொள்வோம். தோலில் உள்ள மயிரை நீக்கப் பயன்படும் சல்பைடு, அமிலத்துடன் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு எழும். அதன் செறிவு மிகும்போது மூக்கின் முகரும் ஆற்றலே மரத்துப்போவதால், நாற்றம் நின்றுவிட்டது எனத் தொழிலாளி எண்ணும் வேளையிலேயே அது மூளையின் சுவாச மையத்தைத் தாக்குகிறது. கழிவுத் தொட்டிகளில் இறங்கியோர் உயிர் துறந்ததற்கு இதுவே காரணம். காலணி ஒட்டும் பசையிலுள்ள கரைப்பான்களும் நரம்பு மண்டலத்திற்குப் பகையானவை. 1960களில் ஜப்பானில் வீடுகளிலேயே செருப்பு ஒட்டிய தொழிலாளர் பலருக்குக் கைகால் நரம்புகள் செயலிழந்தன. பசையில் கலந்திருந்த ஹெக்சேன் என்னும் கரைப்பானே அதன் காரணம் எனக் கண்டறியப்பட்டது. டொலுயீன் ஆவியை நெடுநாள் மிகுதியாகச் சுவாசித்தால் நினைவும் கவனமும் குன்றும். காற்றை வெளியேற்றும் விசிறியும், நீரில் கரையும் பசையும் இத்தகைய கூடங்களில் மூளையைக் காக்கும் கருவிகளாகும்.

உணவும் பானமும், தேங்குவதும் வெளியேறுவதும் என்னும் காரணங்களும் இங்கே ஒன்றிணைகின்றன. தூய்மையான கழிப்பறை இல்லாத கூடத்தில், அல்லது எழுந்து செல்ல அனுமதி கேட்க வேண்டிய கூடத்தில், பெண்கள் நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்கின்றனர். உடலில் நீர் சற்றுக் குறைந்தாலும் கவனம் சிதறும், தலைவலி வரும், சோர்வு மிகும். கூரிய ஊசி இயங்கும் தையல் இயந்திரத்தின் முன் கவனச் சிதறல் என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

உறக்கத்தைப் பற்றியும் இதே பகுதி மறக்க முடியாத பாடம் ஒன்றைத் தந்துள்ளது. 2015 ஜனவரி 31ஆம் நாள் அதிகாலை இராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, அருகிலிருந்த கூடத்தில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் கழிவுச் சேற்றில் மூழ்கி உயிரிழந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்பு தேடி வந்தவர்கள். உழைப்பவர் எங்கே உறங்குகிறார் என்பதும் பணிக்களத்தின் பகுதியே என்பதை அந்த விடியல் உணர்த்திற்று.

வேலை நேரமும் இதனுடன் சேர்ந்த கேள்வி. வாரத்திற்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பதால் நேர்ந்த பக்கவாதத்தாலும் இதயநோயாலும் 2016இல் மட்டும் உலகில் 7,45,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்கிட்டன. நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் சட்டத்திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் 2023 ஏப்ரலில் நிறைவேறி, கடும் எதிர்ப்பால் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டதை இங்கு நினைவுகூரலாம். பக்கவாதம் என்பது மூளையின் நோயே என்பதை அவ்விவாதத்தில் எவரும் அழுத்திச் சொன்னதாகத் தெரியவில்லை.

செய்யத்தக்கவை

இவற்றையெல்லாம் சீர்செய்யப் பெருஞ்செலவு தேவை என்பது ஒரு பகுதியே உண்மை. காற்றோட்டத்திற்கும் பாதுகாப்பிற்கும் முதலீடு வேண்டும். ஆனால், ஏனையவற்றுள் பல ஏற்பாட்டாலேயே கைகூடும். இரவுப் பணியை ஒருவர் மீதே ஆண்டுக்கணக்கில் சுமத்தாமல் பகிரலாம். முறைமாற்றத்தைக் காலையிலிருந்து மாலைக்கும், மாலையிலிருந்து இரவுக்குமாக முன்னோக்கி நகர்த்தினால் உடற்கடிகாரம் எளிதில் இசையும். இரவின் முற்பகுதியில் நல்ல வெளிச்சமும், விடியலை நெருங்கும்போது மங்கிய வெளிச்சமும் அமைக்கலாம். இரவுப் பணி முடித்தவர் பகலில் உறங்க இருண்ட, அமைதியான இடம் வேண்டும். விடுதி நடத்தும் நிறுவனங்கள் இதனை எளிதில் செய்ய முடியும்.

பகலில் சிறிது நேரம் கண்ணயரும் கைலூலா என்னும் வழக்கத்தை நம் சமூகம் சோம்பலாகக் கருதியதில்லை. இருபது நிமிடக் குறுந்துயில் விழிப்பையும் கவனத்தையும் மீட்கிறது என்பதை உறக்க ஆய்வுகள் இன்று உறுதிப்படுத்துகின்றன. தொழுகைக்காக எழுந்து, நடந்து, குனிந்து நிமிரும் இடைவேளையும் இருக்கையோடு ஒட்டிக்கிடக்கும் உடலுக்கு ஒரு விடுதலையே. அவ்விடைவேளையை உற்பத்தி இழப்பாகக் கணக்கிடும் மேலாளர், அதன்பின் கூடும் கவனத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இவ்வாறே, பணியின் வேகத்தையும் முறையையும் பற்றித் தொழிலாளர் கருத்துச் சொல்லும் கூட்டம் மாதத்திற்கு ஒன்றேனும் நடைபெறுமாயின், அது சமர்க்கந்தின் அவையை இக்காலத்திற்கு ஏற்ப மீட்டெடுப்பதாக அமையும்.

நிறைவாக

காவலூரில் ஒரு தொலைநோக்கிக்கு உரிய இடத்தைத் தேடப் பல ஆண்டுகள் செலவிடப்பட்டன. காற்றின் தெளிவும் இருளின் ஆழமும் மேகத்தின் வரவும் அளக்கப்பட்டன. கண்ணாடியாலும் எஃகாலும் ஆன ஒரு கருவி தன் முழுத்திறனையும் வெளிப்படுத்த அத்தனை பொருத்தங்கள் வேண்டும் என்றால், அதனினும் நுட்பமான மனித மூளைக்கு எவ்வளவு வேண்டும்? அது காற்றால் நஞ்சுறும், உறக்கமின்மையால் மழுங்கும், அசைவின்மையால் சுருங்கும், அவமதிப்பால் வாடும். நடையால் வளரும், கற்றலால் கூர்மையுறும், நல்லுறவால் தழைக்கும்.

தொழிலாளியின் கூலியை அவர் வியர்வை உலருமுன் கொடுத்துவிட வேண்டும் என்பதில் நம் மரபு கண்டிப்பானது. கூலியோடு கடமை முடிந்துவிடுகிறதா என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது. காலையில் பணிக்கு வந்தவரின் அறிவும் நினைவும் உணர்வும் அன்றைய பொழுதுக்கு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத் ஆகும். மாலையில் அவை குன்றாமல் அவருடனேயே வீடு திரும்ப வேண்டும். பணிக்களம் ஏற்றதா என்பதற்கு இதனினும் தெளிவான சோதனை இருப்பதாகத் தோன்றவில்லை.